கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலம்: எடுத்தால் திரும்ப வராதா?

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். ஜேசிபி வைத்து ஒரே மூச்சில் எடுத்துவிடலாம் என்று ஊரில் ஒரு பக்கம் பேசுகிறார்கள். எடுத்தாலும் வந்துவிடும், வீண்செலவு என்று இன்னொரு பக்கம். இந்த மரம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஆக்சிஜன் விடாது, மாட்டை மலடாக்கும் என்பதெல்லாம் உண்மையா? எப்படி இவ்வளவு பரவியது?

பதில்:

எடுக்கலாம். ஆனால் எடுத்த அடுத்த மழைக்கே முளைக்கும். அந்த முளைகளை யார் பிடுங்கப் போகிறார்கள் என்று முடிவு செய்யாமல் ஜேசிபிக்கு டீசல் ஊற்றாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரிய, அந்த மரம் பிழைக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில் வதந்திகளை முடித்துவிடலாம். ஆக்சிஜன் விடாத பச்சை மரம் என்று ஒன்று கிடையாது. இலை பச்சையாக இருக்கிறது, மரம் வளர்கிறது என்றாலே அது கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடுகிறது. எல்லா மரமும் இரவில் சுவாசிப்பதுபோல் இதுவும் சுவாசிக்கும், அவ்வளவுதான். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது என்பது அதைவிட வேடிக்கை. மரம் வேரால் நீரை எடுத்து இலை வழியாகக் காற்றுக்குத்தான் விடும். இலையில் படிந்த பனித்துளியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும் செடிகள் உண்டு. அதனால் ஓர் ஊரின் காற்று வறண்டுபோகாது.

மாடு மலடாகும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் இதில் மட்டும் ஓர் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரேசிலில், மாதக்கணக்கில் இந்தக் காயையே பெரும்பங்குத் தீனியாகத் தின்ற மாடுகளுக்கு ஒரு நோய் வருகிறது. காயிலுள்ள ஆல்கலாய்டு என்ற நச்சுப்பொருட்கள் தாடைத் தசையை இயக்கும் நரம்பணுக்களைச் சிதைத்துவிடும். மாடு தலையைச் சாய்த்து, வாயைக் கோணிக்கொண்டு மெல்லும், பிறகு மெல்லவே முடியாமல் இளைக்கும். கோணல் முகம் என்றே அங்கே அதற்குப் பெயர். மற்றத் தீனியோடு கலந்து அளவாகக் கொடுத்தால் இதே காய் நல்ல தீவனம். கென்யாவில் பாரிங்கோ ஏரிப் பக்கத்து மேய்ச்சல்காரர்கள் 2006இல் அரசின் மீது வழக்குப் போட்டபோது, இந்தச் சர்க்கரைக் காயைத் தின்று பல் கொட்டிப்போன ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே கூட்டிப் போனார்கள். 1980களில் விறகுக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அங்கே நட்டுவைத்த மரம்தான் இது.

சரி, நிலத்தடி நீர்? இதை வதந்திக் கணக்கில் தள்ளிவிட முடியாது. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் மரத்துக்குள் ஓடும் நீரை நேரடியாக அளந்திருக்கிறார்கள். ஒரு மரம் ஒரு நாளைக்குச் சராசரி 7 லிட்டர், மரத்தின் அளவைப் பொறுத்து 1 முதல் 36 லிட்டர் வரை. தனி மரமாகப் பார்த்தால் இது பெரிய பூதம் இல்லை. ஒரு தென்னைக்கு நாம் ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு கோடையில் புல் காய்ந்து கிடந்த இடத்தில், ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் மரம் ஏக்கருக்கு நூற்றுக்கணக்கில் நிற்கிறது. புல் சித்திரையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும், இது நிறுத்தாது. வேர் எட்டும் ஆழத்தில் நீர்மட்டம் இருக்கும் ஆற்றோரங்களிலும் ஓடைகளிலும் இந்த வித்தியாசம் கிணற்றில் தெரியும். இதன் அமெரிக்க உறவுக்காரன் ஒன்றின் வேரை அரிசோனாவில் ஒரு சுரங்கம் தோண்டும்போது 50 மீட்டருக்கும் கீழே பார்த்திருக்கிறார்கள், ஆகவே எட்டும் ஆழம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நம் பக்கத்தில் கிணறு வற்றியதற்குக் கருவையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, ஆழ்துளைக் கிணறுகளையும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் தூர்ந்துபோனதையும் தப்பவிடுவதற்கு வசதியான வழி.

இனி, பரவும் விதம். இந்த மரத்தின் சாமர்த்தியம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது: காயைத் தின்னக் கொடுக்கும், இலையைத் தின்ன விடாது. இலை கசப்பு, துவர்ப்பு; பசியில் வாடும் ஆடுகூட ஒரு வாய் வைத்துவிட்டு நகர்ந்துவிடும். காயோ மஞ்சளாக, சதைப்பற்றோடு, வெல்லத் தித்திப்பாக இருக்கும். அதுவும் பழுக்கும் காலத்தைப் பாருங்கள், பங்குனி, சித்திரை, வைகாசி. மேய்ச்சல் நிலத்தில் வேறு ஒரு புல்லும் இல்லாத நேரம். மாடு, ஆடு, கழுதை, பன்றி, கோடியக்கரையில் காட்டுக்குதிரை, குஜராத் வேளாவதரில் வெளிமான், எல்லாம் இதைத் தேடிப்போய்த் தின்கின்றன.

தின்ற பிறகு நடப்பதை நீங்களே பார்க்கலாம். கோடையில் கண்மாய்க்குள் கிடக்கும் காய்ந்த சாணி ஒன்றை எடுத்து உடையுங்கள். வைக்கோல் நாருக்கு நடுவே பழுப்பு நிறத்தில், சதுரமாகவும் தட்டையாகவும் சின்னச் சின்ன ஓடுகள் இருக்கும். விதை அந்த ஓட்டுக்குள் இருக்கிறது. சர்க்கரைச் சதை எல்லாம் மாட்டுக்கு, ஓடு பத்திரமாக வெளியே. குடலில் ஊறி வந்ததில் விதையுறை கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதனால் நேரே மண்ணில் விழுந்த விதையைவிட இது நன்றாக முளைக்கும். கூடவே எருவும் இலவசம். ஆடு நன்றாக மென்று அரைப்பதால் அதன் வயிற்றில் கொஞ்சம் விதை அழியும். மாட்டின் வயிற்றில் பெரும்பாலும் தப்பிவிடும். தின்ற காயின் விதை வெளியே வரச் சில நாட்கள் ஆகும் என்பதால், மந்தை அதற்குள் எத்தனை ஊர் தாண்டுகிறதோ அத்தனை ஊருக்கும் பயிர் வைத்த மாதிரிதான். நம் பக்கத்தில் கோடையில் எருவுக்காக ஆடுமாட்டை இரவில் வயலில் அடைத்துக் கிடை போடுகிறோம் இல்லையா, அந்த எருவோடு கருவை விதையும் சேர்ந்தேதான் வயலுக்குள் இறங்குகிறது.

கிடை போட்ட வயல் ஏன் கருவைக்காடு ஆகவில்லை என்று கேட்டால், ஆடியிலோ ஆவணியிலோ ஏர் ஓடிவிடும். விரல் உயர முளை புரண்டு காய்ந்துவிடும். உழாமல் போட்ட வயலில்தான் அது நிற்கும். இந்த மரம் எவ்வளவு பொல்லாததாக இருந்தாலும், உழுதுகொண்டிருக்கும் சம்சாரியிடமிருந்து ஒரு குழி நிலத்தைக்கூடப் பிடுங்கியதில்லை. ஆள் விட்டுப்போன இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மழை பொய்த்து, கூலி கட்டாமல், பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய், தரிசு விழுந்த பட்டா நிலங்களின் வரைபடத்தையும் கருவைக்காட்டின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஏறக்குறைய பொருந்தும் என்பது என் அனுமானம். கண்மாய்க்கும் அதே கதை. குடிமராமத்து முறையாக நடந்த காலத்தில் ஆண்டுதோறும் ஆள் இறங்கி வண்டல் அள்ளுவார்கள், வரத்துக்கால் வெட்டுவார்கள். கண்மாய் நிறைந்து மாதக்கணக்கில் தண்ணீர் நின்றால், உள்ளே முளைத்த சின்னக் கன்று மூழ்கி அழுகிவிடும். வரத்து குறைந்து, அரைகுறையாகப் பெருகி, தையிலேயே வற்றும் கண்மாய் என்றால் கருவைக்கு நாற்றங்காலேதான். காய் தண்ணீரில் மிதக்கும் என்பதால், வருகிற கொஞ்ச வெள்ளமும் மேலே உள்ள ஓடைகளின் விதையைக் கொண்டுவந்து உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பரப்பில், சேர்த்துவிட்டுப் போகும்.

ஊருக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலும் ஆளாளுக்கு ஒரு கட்சி. எந்த முதலமைச்சர் காலத்தில் விமானத்தில் விதை தூவினார்கள் என்று டீக்கடையில் சண்டை போடுவார்கள். மரம் அதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது. சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன், தென்னமெரிக்காவின் வடகரை. அன்றைய சென்னை மாகாணத்தில் வனக் காப்பாளராக இருந்த பெடோம் விதை கேட்டு எழுதினார். 1877இல் கடப்பா மாவட்டம் கமலாபுரத்தில் ஜமைக்கா விதையை ஊன்றினார்கள். விறகுத் தட்டுப்பாடுதான் காரணம். ரயில், செங்கல் சூளை, பெருகும் ஊர்கள், எல்லாவற்றுக்கும் எரிக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் இதற்கு ராஜ மரியாதையே கொடுத்து, வெட்டக்கூடாத மரமாக அறிவித்தது. கட்ச் பகுதியின் பன்னிப் புல்வெளியில், ரண் உப்பு நிலம் முன்னேறுவதைத் தடுக்க என்று 1961 முதல் ஏறத்தாழ 31,000 ஹெக்டேரில் நட்டார்கள். இன்று ஆசியாவின் பெரிய புல்வெளிகளில் ஒன்றான அதில் பாதிக்கும் மேல் இந்த மரம் பிடித்துவிட்டது. அந்த ஊர் மக்கள் இதைப் பைத்தியக் கருவேலம் என்கிறார்கள். ராமநாதபுரத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகு விறகுக்கும் வேலிக்கும் என்று அரசாங்கம் ஊக்கம் கொடுத்துப் பரப்பியது உண்மை. அன்றைக்கு அது மோசமான யோசனை என்று யாருக்கும் தோன்றியிருக்காது. உப்பு மண்ணில், உரமில்லாமல், தண்ணீர் ஊற்றாமல், ஆடு மேயாமல் வளர்ந்து மூன்று நான்கு வருடத்தில் விறகு தரும் மரம் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது எல்லாம் கிடைத்தது, அதுதான் வினை.

அயல் மரம் என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவரவில்லை. கொல்லாம்பழம், முருங்கைக்குப் பக்கத்தில் நிற்கும் பப்பாளி, வேலியோரக் கொடுக்காப்புளி எல்லாம் வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் சீமைக்கருவேலம் தன் சொந்த ஊரில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அங்கே அதன் நிழலில் மற்றச் செடிகள் தாராளமாக வளர்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் பயறுக் குடும்பத்து மரம் என்பதால், அதன் அடிமண் வளமாக இருக்கும், மற்றவை அதில் பிழைக்கும். இதே மரத்தையும் இதன் நெருங்கிய இனமொன்றையும் சொந்த நாட்டிலும் இந்தியா, ஹவாய் போன்ற வந்தேறிய இடங்களிலும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. வந்தேறிய இடங்களில் மரத்தடியில் காணும் செடி வகைகள் வெளியைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைவு என்று அதில் கண்டார்கள். மண்வளம் இங்கேயும் கூடத்தான் செய்கிறது. ஆனால் உதிர்ந்த இலையிலிருந்து இறங்கும் சில வேதிப்பொருட்களுக்கு இங்குள்ள செடிகள் பழகியதில்லை. முளைப்பு தடைபடுகிறது, வேர் குட்டையாகிறது.

அதே ஆய்வில் ஒப்பீட்டுக்கு எடுத்த இன்னொரு மரம் நம்ம வன்னி. இரண்டையும் நெடுங்காலம் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2022இல்தான் சீமைக்கருவேலத்தைப் பிரித்து வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். வன்னியடியில் கம்பும் பயறும் நன்றாக வரும் என்பது ராஜஸ்தான் உழவர்களுக்குத் தலைமுறைப் பாடம். அங்கே அது மாநில மரம். சீமையடியில் மற்றவை பிழைப்பது கடினம் என்பதைத்தான் பன்னியில் ஏற்பட்ட இழப்பும் காட்டுகிறது. புல்லை நம்பிய காங்கிரேஜ் மாடுகள் அடிவாங்கின, எருமைகள் ஓரளவு சமாளித்தன.

இப்போது உங்கள் கண்மாய்க்கு வருவோம்.

முதலில் உள்ளே போய், நிற்பதெல்லாம் சீமைதானா என்று பாருங்கள். 1980களில் சமூகக் காடு திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் நட்டது நாட்டுக்கருவேலம். பெயரில் கருவேலம் இருப்பதால் ஜேசிபி ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்று, ஒப்பந்ததாரருக்கு இரண்டுமே விறகு. நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சளாகப் பஞ்சு உருண்டை போல இருக்கும். காய் ஒவ்வொரு விதைக்கும் நடுவே இறுகி, மணி கோத்த மாதிரி தொங்கும். முள் வெள்ளையாக, நீளமாக, ஜோடியாக. சீமையின் பூ உருண்டை கிடையாது, விரல் நீளத்துக்குக் கதிர் போல வெளிர்மஞ்சளாகத் தொங்கும். காய் பட்டையாக, மஞ்சளாக, அதிகம் இறுகாமல் நேராகவோ லேசாக வளைந்தோ இருக்கும். குடைவேலத்துக்குப் பெயரே அடையாளம், தலை தட்டையாக விரிந்திருக்கும். பூவும் காயும் இல்லாத நேரத்தில் குழப்பம் வந்தால், ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரை அழைத்துப் போய் நாட்டு மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். சுண்ணாம்பு அடித்ததைத் தொட்டால் அபராதம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

அடுத்தது பறவை. மழைக்காலத்தில் கண்மாய் பெருகும்போது கொக்கு, நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் கூட்டமாகக் கூடு கட்டும் கண்மாய்கள் நம் மாவட்டங்களில் பல உண்டு. நாட்டுக்கருவேலம் இல்லாத இடத்தில் சீமையிலேயே கட்டுகின்றன. முள்ளுக்கு நடுவே, தண்ணீருக்கு நடுவே, பூனையும் நாயும் எட்டாத இடம் அதற்குப் போதும். மரம் எந்த நாட்டுக்காரன் என்று பறவை விசாரிப்பதில்லை. உங்கள் கண்மாயில் அப்படிக் கூடு இருந்தால், அந்தத் திட்டை இப்போதைக்கு விட்டுவிட்டு, சுற்றி நாட்டுக்கருவேலமும் நீர்க்கடம்பும் வைத்து வளர்த்து, அவை கூடு தாங்கும் அளவுக்கு வந்த பிறகு சீமையைக் கழியுங்கள். சில ஆண்டுகள் ஆகும், ஆகட்டும்.

எடுக்கும் காலம் மாசி, பங்குனி. கண்மாய் வற்றியிருக்கும், குஞ்சுகள் பறந்திருக்கும், காய் இன்னும் பழுத்து உதிர்ந்திருக்காது. வைகாசியில் எடுத்தால் ஜேசிபியே விதைக்கும் கருவியாகிவிடும். மரத்தை இழுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் காய் கொட்டும், வாளி அதை மண்ணில் புதைத்தும் கொடுக்கும்.

எப்படி எடுப்பது என்பதில்தான் பெரும்பாலான ஊர்கள் ஏமாறுகின்றன. இந்த மரத்தின் துளிர்க்கும் கண்கள் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, வேரும் தண்டும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. தரையோடு வெட்டினால் ஒற்றைத் தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டு புதராகக் கிளம்பும். வெட்டுவது அதற்குக் கவாத்து. தீ வைத்தாலும் அப்படியே. கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கழுத்துக்குக் கீழே ஓர் அடி ஆழம் தோண்டி அறுத்தால், அதற்குக் கீழே உள்ள வேர் பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. ஆகவே வேர் மொத்தத்தையும் பாதாளம் வரை தேடிப்போக வேண்டிய அவசியம் இல்லை, கழுத்து வெளியே வந்தால் போதும்.

கண்மாய்க் கரையில் நிற்கும் மரத்துக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. கரையிலிருந்து தூரோடு பிடுங்கினால் கரைக்குள் பொந்து விழும். ஐப்பசி மழையில் அந்தப் பொந்து வழியாகத்தான் கசிவு தொடங்கும், பிறகு உடைப்பு. மடைக்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கரையில் நிற்பதைக் கோடைத் தொடக்கத்திலேயே எடுத்து, குழியைக் களிமண் போட்டு ஈரப்படுத்தித் திமிசுக்கட்டையால் இடித்து மூட ஆள் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் தரையோடு வெட்டிவிட்டு, வரும் துளிரை மாதம் ஒருமுறை ஒடித்துக்கொண்டே இருங்கள். இலையே விடாமல் பார்த்துக்கொண்டால் வேரில் உள்ள சேமிப்பு தீரும். மெதுவான வேலை, ஆனால் கரை பிழைக்கும்.

எடுத்தாயிற்று. அப்புறம்? ஐப்பசி, கார்த்திகை மழை. கண்மாய்க்குள் ஏற்கனவே விழுந்து கிடக்கும் விதைகள் கெட்டி ஓட்டுக்குள் பல ஆண்டு உயிரோடு இருக்கும். எல்லாம் ஒரே மழையில் முளைக்காது, தவணை முறையில் முளைக்கும். தண்ணீர் எட்டாத உள்வாய் மேட்டில் மார்கழி, தையில் போய்ப் பாருங்கள், சாண் உயரக் கன்றுகள் பச்சைப் பசேலென்று நிற்கும். மண்ணில் ஈரம் இருக்கும்போது பிடுங்கினால் கையோடு வரும். கன்று ஒரு சாண் என்றால் ஆணிவேர் அதைவிட நீளமாக இறங்கியிருக்கும், அதனால் அடியைப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும், பாதியில் அறுந்தால் பயன் குறைவு. மாசியில் மண் இறுகிய பிறகு போனால் மண்வெட்டி வேண்டும். அடுத்த ஆண்டு போனால் ஜேசிபி வேண்டும். தொடர்ந்து மூன்று மழைக்காவது இதைச் செய்ய வேண்டும். நூறு நாள் வேலையில் இதைச் சேர்த்துச் செய்த ஊர்களில் கண்மாய் வெளுப்பாகவே நிற்கிறது. ஜேசிபி போன கையோடு படம் எடுத்துப் போட்டுவிட்டு விட்டுவிட்ட ஊர்களில், முன்பைவிட நெருக்கமாக வந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மரம் எடுத்த மண்ணை வண்டல் என்று வயலுக்கு ஓட்டுவார்கள். நல்லதுதான், ஆனால் அதில் விதையும் போகிறது. உழுகிற வயலுக்குக் கொட்டினால் பிரச்சினை இல்லை. தரிசு நிலத்தை மேடாக்கக் கொட்டினால் அங்கே புதிதாக ஒரு காடு.

வெளிநாடுகளில் இதன் இனத்து மரங்களைக் கட்டுப்படுத்தப் பூச்சியை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் மேய்ச்சல்காரர்கள் காய் வேண்டும் என்றதால், மரத்தை விட்டு விதையை மட்டும் துளைக்கும் வண்டை 1987இல் விட்டார்கள். வண்டு விதைக்கு வரும் முன்பே ஆடுமாடு காயைத் தின்றுவிடுகிறது, அதனால் பலன் குறைவு. ஆஸ்திரேலியா அந்தத் தயக்கம் இல்லாமல், அர்ஜென்டினாவிலிருந்து இலையைச் சுருட்டித் தின்னும் ஒரு சிறு அந்துப்பூச்சியை 1998இல் விட்டது. மேற்கே பில்பாரா பகுதியில் மரங்கள் இலையிழந்து, வளர்ச்சி குன்றி, காய்ப்பதும் குறைந்தது. இங்கே அந்த யோசனையைப் பேசுபவர்கள் வன்னி மரத்தை மறந்துவிடக் கூடாது. இவ்வளவு நெருங்கிய உறவு பக்கத்திலேயே நிற்கும்போது, பூச்சி இலை மாற்றிச் சாப்பிடாது என்று உறுதி செய்யாமல் திறந்துவிட முடியாது.

நீதிமன்றம் எடுக்கச் சொல்லிவிட்டதே என்பார்கள். வைகோ தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை 2017 தொடக்கத்தில் தென்மாவட்டங்களில் அகற்றச் சொல்லிக் கெடு வைத்தது. அதே ஆண்டிலேயே, சூழல் பாதிப்பை ஆராயாமல் எடுக்கக் கூடாது என்ற வழக்கில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் அயல்தாவர ஊடுருவல் பற்றித் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. எடுப்பதோடு நிற்காமல், அந்த இடத்தை மீட்டு நாட்டுத் தாவரங்களைக் கொண்டுவருவதையும் அது சேர்த்துப் பேசுகிறது. கெடு வைத்து எடுத்த காலத்தில் நான் பார்த்தவரை சாலையோரமும் அலுவலக வளாகமும்தான் முதலில் சுத்தமாயின. பார்வைக்குப் படும் இடம் அல்லவா. உள்ளூர்த் தரிசில் கை வைக்க யாருக்கும் நேரம் இல்லை.

கரிமூட்டம் போடுபவர்களை விட்டுவிட்டு இதைப் பேசினால் நியாயமாக இருக்காது. கமுதி, முதுகுளத்தூர், திருச்சுழிப் பக்கம் மழை பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்த மரத்தால்தான். விறகை அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, சேறு குழைத்துப் பூசி, ஒரு துளை வழியாகத் தீ வைத்து, உள்ளே எரியாமல் புகைந்தே வேகும்படி நாள் கணக்கில் காவல் இருப்பார்கள். புகை வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறும்போது துளைகளை அடைக்கத் தெரிய வேண்டும், ஒரு மணி நேரம் தவறினால் கரி சாம்பலாகிவிடும். நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி. முள் தைத்த கையும் புகையடித்த கண்ணுமாக நிற்கும் அந்த ஆட்களிடம், உங்கள் மரம் நாட்டுக்குக் கேடு என்று சொல்வதற்கு முன் வேறு வேலையைக் காட்ட வேண்டும். நான் சொல்வது, பட்டாத் தரிசில் விறகுப் பயிராகவே வைத்திருப்பவர் வைத்திருக்கட்டும். கண்மாய், வரத்துக்கால், மேய்ச்சல் புறம்போக்கு, இந்த மூன்றிலிருந்தும் முதலில் வெளியேற்றுவோம். அங்கே வெட்டும் வேலையையும் பிடுங்கும் வேலையையும் இவர்களுக்கே கொடுக்கலாம், இந்த மரத்தை இவர்களைவிட அறிந்தவர் யார்?

காலியான இடத்தில் என்ன வைப்பது என்றால், பறவைத் திட்டைத் தவிர உள்வாயில் புதிதாக மரமே வேண்டாம், தண்ணீர் நிற்கட்டும். கரையின் வெளிச்சரிவில் பனை. மேட்டில் வேம்பு, வன்னி, இலந்தை, உப்பு மண்ணானால் உகாய். மேய்ச்சல் புறம்போக்கில் மரத்தைவிடப் புல்தான் முக்கியம். கொழுக்கட்டைப் புல் விதையை மழைக்கு முன் தூவி, முதல் ஆண்டு மட்டும் மந்தையை வெளியே நிறுத்துங்கள்.

கடைசியாக, உங்கள் ஊர்க் கூட்டத்தில் ஜேசிபி வாடகை பற்றிப் பேசுவதற்கு முன் கண்மாய் மர ஏலப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். பல ஊர்களில் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கருவையை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் திருவிழாவோ கோயில் வேலையோ நடக்கிறது. ஏலம் எடுப்பவருக்கு விறகு மட்டும்தான் தேவை, தூர் தேவையில்லை. தூரை விட்டுவைத்தால்தான் அடுத்த ஏலத்துக்கும் மரம் இருக்கும் என்பது அவருக்கும் தெரியும், ஏலம் விடுபவருக்கும் தெரியும். அந்தப் பத்திரத்தில் தூரோடு எடுக்க வேண்டும், முன்பணத்தில் ஒரு பகுதியை இரண்டு மழை கழித்து முளை இல்லை என்று பார்த்த பிறகே திருப்பித் தருவோம் என்று இரண்டு வரி சேர்க்க ஊர் ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். ஏலத்தொகை குறையும். எவ்வளவு குறைந்தால் ஊர் தாங்கும் என்று அந்தக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.